கெவிக்கரட்டில் ஒரு சர்வே கல்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் காடு கழனி வைத்திருப்பவர்களில் மலர்விழியைத் தெரியாதவர்கள் குறைவு. பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. அதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நில அளவர் உத்தியோகம் அப்படிப்பட்டது. ஒரு வரப்பை அளந்துவிட்டு நிமிர்ந்தால் இரண்டு பங்காளிகளில் ஒருவன் ஜென்ம விரோதியாகியிருப்பான். மற்றவனாவது கும்பிடுவானா என்றால் அதுவும் இல்லை, இன்னும் ரெண்டடி தள்ளிக் கல் நட்டிருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பான். இருபத்திரண்டு வருடம் இப்படி அளந்து அளந்து அவளுக்கு ஒரு முகம் படிந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும், இலைக்கும் இலைக்கும் நடுவே எத்தனை இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவள் போலத்தான் இருப்பாள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கறுப்புச் சட்டைக்காரர். சாமி பெயர் எதுவும் தன் வீட்டுப் படியேறக் கூடாதென்று மகளுக்குத் தேடிப் பிடித்து வைத்த பெயர் மலர்விழி. அவர் போய்ப் பத்து வருடமாகிறது. மகள் வீட்டில் இன்றைக்கும் சாமி படம் கிடையாது. கணவர் கதிரவன் உரக்கடை வைத்திருக்கிறார். கிருத்திகை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து, தெருமுனையில் துடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைவார். அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனாலும் துடைத்துவிடுவார்.

இப்பேர்ப்பட்டவள் ஒரு கெவிக்குள் தலையை விட்டதற்குக் காரணம் ஒரு போர்வெல் வண்டி. கெவி என்றால் குகைதான். இந்தப் பக்கம் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் உண்டு, அவர்கள் கவி என்பதை நம் ஆட்கள் கெவி ஆக்கிக்கொண்டார்கள். குகை என்று சொன்னால் உள்ளே ஒரு சித்தராவது உட்கார்ந்திருக்க வேண்டும், கெவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

போர்வெல் வண்டிக்காரர் பெயர் குப்புராஜ். ஆறு வருடத்துக்கு முன்னால் சித்தேரி மலையடிவாரத்து மேட்டு நிலக் காடொன்றில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது ராடு திடீரென்று பத்தடி கீழே இறங்கிவிட்டது. பாறை நடுவே இப்படி இடைவெளி அகப்பட்டால் அதற்குக் கேப் என்று பெயர். கேப் விழுந்தால் தண்ணீர் வரும், காட்டுக்காரன் தேங்காய் உடைப்பான். இங்கே தண்ணீர் வரவில்லை. ஜில்லென்று காற்று வந்தது. காட்டுக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். குப்புராஜுக்கு மட்டும் அந்தக் காற்று மண்டையைக் குடைந்தது. அரூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மாதவராஜிடம் போய்ச் சொன்னார். மாதவராஜுக்கு வௌவால் பைத்தியம். இருவரும் பக்கத்துப் பாறைக்குன்றான கரட்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கி, புதர் மறைவில் பெரிய வாய் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தோம் என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். அடிவாரத்து ஜனங்கள் மழை வந்தால் ஆடுகளோடு ஒதுங்குவது தலைமுறை தலைமுறையாக அங்கேதான். கரட்டுக்குப் பெயரே கெவிக்கரடு.

அப்படி உண்டானது அரூர் கெவி மன்றம். மொத்தம் ஏழு பேர். மருந்துக்கடை, வங்கி, மின்வாரியம் என்று ஆளுக்கொரு பிழைப்பு, ஞாயிறானால் விளக்கு வைத்த ஹெல்மெட்டும் முழங்கால் கிழிந்த பேன்ட்டுமாகக் கிளம்பிவிடுவார்கள். மன்றத்துக்கு மூன்றே விதிகள். கெவியிலிருந்து எதையும் எடுக்காதே. கெவியில் எதையும் விட்டுவராதே. கெவிக்கு வழி யாருக்கும் சொல்லாதே. உள்ளே போகிற ஆளுக்கு வரைபடம் வேண்டும் என்பதால் ஒரே ஒரு நாள் வந்து அளந்து கொடுக்கச் சொல்லி மலர்விழியை அழைத்துப் போனார்கள். அந்த ஒரு நாள் அளவை ஆறு வருடமாகியும் முடியவில்லை.

கெவிக்கரட்டின் வெளித்தோல் மற்றக் கரடுகளைப் போலக் கருங்கல்தான். வயிற்றில் மட்டும் ஒரு பட்டை சுண்ணாம்புக் கல் ஓடுகிறது. மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து வழி பண்ணியிருக்கிறது. முதல் அறையில் ஒரு லாரியை நிறுத்தலாம். அடுத்த அறைக்குள் நுழையும் இடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு கற்கள் வாசல்கால் போலத் தரையிலிருந்து எழுந்து நிற்கும். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு இறங்கி வளர்ந்த கற்கள் அவை. மேலிருந்து தொங்குவதை மன்றத்தார் விழுது என்றார்கள், கீழிருந்து எழுவதை முளை என்றார்கள். ஒரு விரற்கடை முளை வளர்வதற்குள் நாலு தலைமுறை போய்விடும் என்பார் மாதவராஜ். முளைகளைத் தாண்டினால் வௌவால்களின் அறை, குட்டி போட்டு வளர்ப்பதும் அங்கேதான். அதற்கப்பால் தவழ்ந்துதான் போக வேண்டும். கடைசி அறையின் மூலையில் ஒரு பொந்து. அரிசி மூட்டை நுழையாது. ஏழு பேரில் அதற்குள் போக முடிந்தவள் மலர்விழி ஒருத்தி. மூச்சை வெளியே விட்டு, தோளை ஒருக்களித்து, இரண்டு ஆள் நீளம் போயிருக்கிறாள். அப்பால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே குப்புராஜ் பயந்துபோய்க் கயிற்றை இழுத்ததால் திரும்பி வந்தாள். பிறகு மழைக்காலம், பிறகு வௌவால் குட்டிகள், பிறகு இன்னொரு தொந்தரவு என்று அந்தப் பொந்து அளக்கப்படாமலேயே நின்றது.

மேலே அவள் கால் வைக்கும் இடமெல்லாம் யாராவது ஒருவனுடையது. கீழே பட்டா கேட்க ஆளில்லை. அங்கே நாடாவைப் பிடித்து ஒரு சுவரின் நீளத்தைச் சொன்னால் யாரும் அழுவதில்லை, அரிவாளைத் தேடுவதும் இல்லை. சேறு படிந்த முழங்கையோடு அந்த இருட்டில் தவழும்போது அவளுக்கு மனசு நிறைந்து சந்தோஷமாக இருந்தது. அதைக் கதிரவனிடம் அப்படியே சொல்லவும் செய்தாள். அவரவருக்கு ஒரு கோயில் என்றார் அவர், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தொந்தரவு பாட்டில் உருவத்தில் வந்தது. மூன்றாவது விதியை மீறியது யாரோ தெரியாது, நாலு வருடத்துக்கு முன்பு பைக்கில் வரும் கூட்டம் கெவியைத் தெரிந்துகொண்டது. முதல் அறையில் நெருப்பு மூட்டிக் கறி சுட்டார்கள். பாட்டிலைச் சுவரில் அடித்தார்கள். ரீல்ஸ் எடுப்பதற்காக ஒருவன் விழுது ஒன்றைப் பிடித்துத் தொங்கி, அது முறிந்து, அதையும் ரீல்ஸ் எடுத்துப் போட்டார்கள். மன்றத்தார் மனு எழுதிக் கொடுத்தார்கள். மேற்படி புல எண் தரிசுப் புறம்போக்கு, அதில் குகை ஏதும் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. பதிவில் இல்லாத குகைக்கு யார் காவல் போடுவார்கள். மது அருந்தாதீர்கள் என்று மன்றமே ஒரு தகரப் பலகை வைத்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பலகையைக் கழற்றிக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து குடித்திருந்தார்கள்.

அந்தப் பலகையைப் பார்த்த பிறகுதான் மலர்விழிக்கு அந்த யோசனை வந்தது. இங்கே சிறுநீர் கழிக்காதே என்று எழுதி எழுதி அலுத்துப்போன வீட்டுக்காரன் கடைசியில் காம்பவுண்டுச் சுவரில் சாமி படம் போட்ட டைல்ஸைப் பதிப்பானே, அதே புத்திதான். அலுவலகத்துக்குப் பின்னால் உடைந்த சர்வே கற்கள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்று, மூன்று ஊர் எல்லை கூடுகிற இடத்தில் நடுவதற்கு வந்தது. அந்த வகைக் கல்லின் தலையில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடுகிற மாதிரி கொத்தியிருக்கும். அடி உடைந்து போனதால் ஒதுக்கிவிட்டார்கள். ஒரு வேலைநாள் மத்தியானம் அதை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். கெவி வாயின் இடதுபக்கம் குழி பறித்து நட்டாள். கடையில் வாங்கிய மஞ்சள்தூளைக் குழைத்துப் பூசி, ஒரு சிவப்புத் துணியைச் சுற்றி, நாலு வேப்பிலையைச் சொருகினாள். கடைசியாகப் பொட்டும் வைத்தாள். அப்பா கண்ணில் மட்டும் இது பட்டிருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார். கெவியில் எதையும் விட்டுவராதே என்று புது ஆட்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், அன்றைக்கு ஒரு முழுக் கல்லை விட்டுவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மருந்து பிடித்துவிட்டது. ஒரு மாதத்தில் பாட்டில் நின்றது, இரண்டு மாதத்தில் பைக் நின்றது. மாதவராஜ் வௌவால்களை எண்ணிவிட்டுப் பெருகியிருப்பதாகச் சொன்னார், குரல் தழுதழுத்தது. கல்லை யார் வைத்திருந்தாலும் புண்ணியவான் என்றார். மலர்விழி நாடாவைச் சுற்றிக்கொண்டே ஆமாம் என்றாள். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை ஊரறிந்தது. இது குரங்கை விரட்டப் போய் அம்மனாய் முடிந்த கதை. அடிவாரத்தில் கண்ணம்மாள் என்று ஒருத்தி, ஐம்பது வயசு இருக்கும், நூறுநாள் வேலைக்குப் போன நேரம் போக ஆடு மேய்ப்பவள். அவளுடைய சினையாடு ஒன்று நான்கு நாள் காணாமல் போய், கல்லின் முன்னால் வேண்டிக்கொண்ட அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு குட்டிகளோடு வந்து சேர்ந்தது. ஆடு தானாகவே வந்திருக்கும். ஆனால் கண்ணம்மாள் ஒரு அகல் ஏற்றினாள். கல்லின் தலையில் இருந்த மூன்று கோட்டைப் பார்த்துச் சூலம் என்று சொன்னவளும் அவள்தான். கெவியம்மா என்று பெயர் விழுந்தது. ஆடியில் கூழ் ஊற்றினார்கள். அடுத்த ஆடிக்குத் தகரக் கொட்டகை, குழல்விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. கூட்டம் நிழலுக்காக முதல் அறைக்குள் ஒதுங்கிற்று, பிறகு கற்பூரமும் உள்ளே போயிற்று. இரண்டாவது ஆடி கழிந்து மாதவராஜ் எண்ணியபோது வௌவால்கள் பாதிதான் இருந்தன. இந்தத் தடவை அவர் குரல் தழுதழுக்கவில்லை. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மார்கழியில் செய்தி வந்தது. ஊரில் கோவிந்தன் என்பவர் தலைமையில் கோயில் கமிட்டி போட்டிருக்கிறார்கள். தை மாதம் குடமுழுக்கு. அம்மா வெயிலிலும் மழையிலும் நிற்கலாகாது என்பதால் கல்லைப் பெயர்த்து வௌவால் அறைக்குள் கொண்டுபோய் வைப்பது. வழியை அடைக்கிற இரண்டு முளைகளையும் உடைத்து எடுப்பது. தரைக்கு சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டுவது. வௌவால் நாற்றம் போக மிளகாய்ப் புகை போடுவது. டிராக்டரில் சிமெண்ட் வந்து இறங்கிவிட்டது, திங்கட்கிழமை கடப்பாரை இறங்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் மன்றத்தார் கூடினார்கள். அங்கேதான் மலர்விழி உண்மையைச் சொன்னாள். குப்புராஜ் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. மாதவராஜ் சிரிக்கவில்லை. இரண்டாவது விதியை எல்லோருக்கும் பாடம் எடுத்ததே நீங்கள்தானே மேடம் என்று மட்டும் கேட்டார். குடிகாரர்கள் இரண்டு வருடத்தில் ஒரு விழுதை உடைத்தார்கள், தான் வைத்த கல் ஒரே நாளில் கெவியையே முடித்துவிடப் போகிறது என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. புகார் கொடுக்கலாம் என்றார் ஒருவர். சாமி விஷயத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்றார் இன்னொருவர். கல்லை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்துவிட்டால் என்ன என்று குப்புராஜ் கேட்டதற்கு, இருக்கிற சாமியைவிடக் காணாமல் போன சாமிக்குத்தான் மவுசு அதிகம் என்று அவளே சொன்னாள். கடைசியில், செய்தவளே போய் ஊருக்குச் சொல்வது என்று முடிவாயிற்று. கல் சாமியில்லை என்று தெரிந்தால் கமிட்டி தானாகக் கலையும் என்று நினைத்தார்கள். படித்தவர்களுக்கு இப்படித்தான் ஒரு நம்பிக்கை.

ஞாயிறு காலையில் கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். சிமெண்ட் மூட்டைகள் தார்ப்பாயின் கீழே அடுக்கியிருந்தன. கடப்பாரைகள் சுவரோரம் சாத்தியிருந்தன. மலர்விழி எழுந்து நின்றாள். வரப்புத் தகராறில் பேசுகிற அதே குரலில், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் சொன்னாள். கல்லை நட்டது நான்தான். அது சர்வே கல். தலையில் இருப்பது சூலமில்லை, மூன்று ஊர் எல்லைக் குறி. பாட்டில் உடைக்கிறவர்களை விரட்டத்தான் மஞ்சள் பூசினேன். ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு அடி வாங்கத் தயாராகிறவள் போலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

யாரும் கோபப்படவில்லை. கோவிந்தன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சர்வே கல்லுன்னு தெரியாமையாங்க இருக்கோம்? என் காட்டு மூலைல நாலு நிக்குதுங்க. ஆகாசத்துல இருந்து உழுந்த சாமின்னு எங்கயாச்சும் இருக்குதுங்களா? எல்லாக் கல்லையும் எவனோ ஒரு ஆளு தூக்கியாந்து நட்டதுதான்."

"அத்தன கல்லு கெடக்க அந்தக் கல்லத்தான எடுத்தீங்க," என்றாள் கண்ணம்மாள். "அவதான் உங்களத் தூக்க வெச்சிருக்கா."

கூட்டம் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டியது. அதோடு நிற்கவில்லை. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. மலர்விழிக்கு முதலில் அது விளங்கவில்லை, கோவிந்தன் விளக்கினார். இந்தப் பக்கத்துச் சாமிகளுக்கெல்லாம் ஒரு கட்டு உண்டு. ஒரு கோயிலில் சேவல் அறுக்கலாகாது, இன்னொன்றில் மணி அடிக்கலாகாது. ஏனென்று கேட்டால் கல்லு நட்டவங்க போட்ட கட்டு என்பார்கள், அதற்கு மேல் கேள்வி கிடையாது. கெவியம்மாவுக்கு மட்டும் நட்டவர் யாரென்று தெரியாமல், என்ன செய்யலாம் எது கூடாது என்று ஊருக்குள் இரண்டு ஆடியாக அடிதடி. உள்ளே கொண்டுபோய் வைப்பது என்பதே சண்டை தீரட்டும் என்று எடுத்த முடிவுதான்.

"நட்டது நீங்கன்னு ஆயிப்போச்சு. அப்ப கட்டு நீங்கதான் சொல்லோணும். சொல்லுங்க, அதும்படி நடந்துக்கறோம்."

மலர்விழி மாதவராஜைப் பார்த்தாள். அவர் முளைகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேச ஆரம்பித்தாள். கெவி வாய்க்கு உள்ளே யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. விளக்கு, கற்பூரம், புகை எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்ளே இருக்கிற ஒன்றையும் உடைக்கவோ தொடவோ கூடாது. வௌவாலை விரட்டக் கூடாது. கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், கும்பிடுகிறவர்கள் வாசலோடு கும்பிட்டுப் போகட்டும்.

கோவிந்தன் சும்மா விடவில்லை. அவர் கெட்டிக்காரர்.

"இது அம்மா சொன்னதுங்களா, நீங்க சொல்றதுங்களா?"

நான் சொல்வது என்றால் அது ஒரு கவர்மெண்ட் உத்தியோகஸ்தியின் அபிப்பிராயம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை கடப்பாரையை எடுப்பார்கள். அவள் இருபத்திரண்டு வருடத்தில் தன் கையால் அளக்காத ஒரு கோட்டை நில வரைபடத்தில் போட்டதில்லை. ஆசை காட்டியவர்கள் உண்டு, வீட்டு முன்னால் வந்து நின்று மிரட்டியவர்கள் உண்டு. போட்டதில்லை. பொய்யாக ஒரு சாமியை நட்டதுகூட வாயால் சொன்ன பொய்யல்ல. இப்போது நாற்பது பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ சொன்னதுங்க," என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசியது. குப்புராஜ் அவளைப் பார்க்காமல் செருப்பு வாரைச் சரிசெய்தார். யாரும்னா யாருமேங்களா என்று கண்ணம்மாள் மறுபடியும் கேட்டாள். பேச்சை முடித்தால் போதும் என்றிருந்த மலர்விழி, ஆமாங்க, யாருமே என்று அழுத்திச் சொன்னாள். நாலைந்து பெண்கள் குலவையிட்டார்கள்.

ஊர் வாக்குத் தவறவில்லை. வந்து இறங்கிய சிமெண்டில் வெளியே ஒரு மேடை எழும்பியது. கெவி வாய்க்குப் பாப்பாரப்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புக் கதவு போட்டார்கள். வௌவால் போய்வர இடம் இருக்கும்படி கம்பிகளைப் படுக்கை வாட்டத்தில் வைக்க வேண்டும் என்று மாதவராஜ் படம் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் வாகனம் போய்வர வழி வேண்டாமா என்று கோவிந்தனே பட்டறைக்காரருக்கு எடுத்துச் சொன்னார். வௌவாலுக்கு உத்தியோக உயர்வு கிடைத்துவிட்டது. முதல் அகல் ஏற்றியவள் என்பதால் சாவி கண்ணம்மாளிடம் போயிற்று. தையில் குடமுழுக்கு நடந்தபோது மலர்விழிக்கு மாலை போட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். தடுக்க வழியில்லாமல் நின்றாள். கதிரவன் கூட்டத்தில் ஒதுங்கி நின்று பார்த்தார், அன்றைக்கு முதல் தடவையாக விபூதியைத் துடைக்காமல் வீட்டுக்கு வந்தார்.

மாசி பிறந்ததும் மன்றத்தார் பழையபடி ஹெல்மெட்டும் கயிறுமாகக் கரடேறினார்கள். வௌவால்களை எண்ண வேண்டும். அதோடு, வெயில் தொடங்கி உள்ளே தண்ணீர் வற்றியிருக்கும் நேரம், மலர்விழி அந்தப் பொந்தைக் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒரு மாதமாகச் சாதத்தைக் குறைத்திருந்தாள். புது நாடா வாங்கியிருந்தாள். கண்ணம்மாள் மேடையில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். வாங்க சர்வேயரம்மா என்று வரவேற்று, மோர் கொடுத்தாள். கதவைத் திறக்கச் சொன்னதும் எழுந்திருக்கவில்லை.

"யாருமேன்னு சொன்னீங்களேங்க."

அது வெளியாட்களுக்குச் சொன்னது, நாங்கள் இந்தக் கெவியைக் காப்பாற்றுகிறவர்கள் என்று மாதவராஜ் பக்குவமாக எடுத்துச் சொன்னார். கண்ணம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு மலர்விழியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"போன வாரம் கோவிந்தனோட மச்சான் நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்தாருங்க. உள்ள போயி ஒரு போட்டா புடிச்சிட்டு ஓடியாந்துர்றோம்னாரு. கட்டு இருக்குது, தொறக்க மாட்டேன்னுட்டேன். வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போனாரு. இன்னைக்கி உங்களுக்குத் தொறந்தா, நாளைக்கி அவருக்கு நான் என்னான்னு சொல்றதுங்க?"

குப்புராஜ் மலர்விழியின் காதருகே குனிந்தார். இன்னொரு வாக்கு சொல்லிடுங்க மேடம், நட்டவங்க வரலாம்னு ஒரே ஒரு வாக்கு, நம்புவாங்க என்றார். நம்புவார்கள் என்பது அவளுக்கும் தெரியும். நாலு பேர் முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றால் போதும். அதுவும் தெரியும். ஆனால் அம்மாவே ஒருத்திக்குத் திறந்தாள் என்றால், பிறகு யார் யாருக்கெல்லாம் அம்மா கனவில் வருவாள் என்பதும் தெரியும். ஒரு காட்டை நாலாகப் பிரிக்கும்போது வழிப்பாதை விட மறந்துபோன சர்வேயரை இந்த வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மாதிரி மறதி தனக்கு வராது என்று இருபத்திரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

கதவுக் கம்பிகளுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் பட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வயசில், நாலு பேர் பார்க்க, ஒரு பூட்டுக்கு முன்னால் நின்று அழுவதா என்று கோபமும் கூடவே வந்தது. கோபப்பட வேறு ஆளும் இல்லை.

"தொறக்காதீங்க அக்கா," என்றாள். "நான் கேட்டாலும் தொறக்காதீங்க."

"அப்பிடிச் சொல்லுங்க," என்று கண்ணம்மாள் வேப்பங்கொழுந்தை மறுபடியும் கையில் எடுத்தாள்.

மாதவராஜ் சாயங்காலம்வரை காத்திருந்து, கதவுக்கு வெளியே வருகிற வௌவால்களை எண்ணுவதற்கு மேடையிலேயே இடம் பார்த்து உட்கார்ந்தார். இனி அப்படித்தான் எண்ண வேண்டும். குப்புராஜ் கயிற்றைச் சுருட்டி மூட்டை கட்டினார். மலர்விழி மட்டும் முதலில் இறங்கிவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் கெவிக்குள் போனதில்லை. அந்தப் பக்கம் நிலம் அளக்கப் போகிற நாட்களில் கரடேறி, எல்லோரையும் போல வாசலோடு நின்றுவிட்டு வருகிறாள்.